ரெண்டு விரல் கூட

செம்மடுவுத் துறையில் தொலைந்த பொருள்கள் சேற்றுக்குள் கிடந்தபடியே வளர ஆரம்பித்தது எந்த மாசம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஐப்பசி அடைமழைக்கு அப்புறம் என்பார்கள் சிலர், அதெல்லாம் இல்லை, எப்பவுமே வளர்ந்துகொண்டுதான் இருந்தது, எடுத்துப் பார்க்க ஆளில்லாமல் போனதால் தெரியவில்லை என்பார்கள் சிலர், ஆனால் முதலில் எடுத்தது சென்னியப்பன் என்பதிலும், எடுத்தது போஸ்ட்மேன் அர்த்தநாரியின் அரைஞாண் என்பதிலும், அதைப் பார்த்து அவன் வாயைப் பிளக்கவில்லை என்பதிலும் யாருக்கும் சண்டையில்லை. ஆச்சரியப்படுவதற்கு மனுஷனுக்குக் கொஞ்சமாவது தெம்பு வேண்டாமா? சென்னியப்பனுக்கு அது வற்றிப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

அந்த அரைஞாணை அர்த்தநாரி தொலைத்தது ஏழு வயசில், மதகு மேலிருந்து குதித்தபோது. கோத்திருந்த தாயத்தில் அவருடைய அப்பன் பேர் வெட்டியிருந்தது, அதனால் யாருடையது என்பதில் சந்தேகமில்லை. ஐம்பத்திரண்டு வயசில், சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, தபால் பையைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டையைத் தூக்கி அந்த அரைஞாணை இடுப்பில் சுற்றிப் பார்த்தார். மூன்று பிள்ளை பெற்றவள் வயிறு போலத் தள்ளியிருந்த அந்தத் தொப்பையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கொக்கி கச்சிதமாய் வளையத்தில் மாட்டிக்கொண்டது. "பாத்தீங்களாப்பா, நாந்தான் மறந்துட்டேன், அது என்னைய மறக்கல" என்றார் அர்த்தநாரி. அதற்கப்புறம் அதைக் கழற்றவே இல்லை.

செம்மடுவு என்பது தடுப்பணைக்குக் கீழே ஆறு ஒரு பக்கமாய் வாங்கித் தேங்கி நிற்கும் இடம். தண்ணி வருஷம் பன்னிரண்டு மாசமும் டீ நிறத்தில் கிடக்கும், முழங்கைவரை விட்டால் விரல் தெரியாது, அடியில் இடுப்பளவு சேறு. ஞாயிற்றுக்கிழமையானால் கோயமுத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்குவார்கள், மீன் வறுவல் தின்பார்கள், எண்ணெய்க் கையோடும் சோப்புக் கையோடும் தண்ணிக்குள் கும்மாளம் போடுவார்கள், அப்புறம் மோதிரம் போச்சு, தோடு போச்சு, கொடி போச்சு என்று கரையேறி அலறுவார்கள். உடனே யாராவது ஒருத்தர் "சென்னியப்பனக் கூப்புடுங்" என்பார். அவன் வருவான். வேறெதுவும் கேட்கமாட்டான். எந்தப் படி, எத்தனை மணி, இடுப்புத் தண்ணியா கழுத்துத் தண்ணியா, இது மூன்றைத்தான் கேட்பான்.

முதலில் வெறும் காலாலும் கையாலும்தான் துழாவிக்கொண்டிருந்தான். ஒரு கோயமுத்தூர் இன்ஜினியரின் கல்யாண மோதிரத்தை மூணு நாள் முங்கி எடுத்துக் கொடுத்தபோது, அந்த மனுஷன் அவன் கையைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே ஒரு பழைய டிடெக்டரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நீளக் குச்சி, நுனியில் வட்டத் தட்டு, காதுக்கு ரெண்டு மூடி, எல்லாம் தண்ணிக்குள் வேலை செய்வது. தட்டைச் சேற்றுமேல் மெதுவாய்த் தடவிக்கொண்டே போனால் இரும்புக்குத் தவளை மாதிரி கரகரக்கும், வெள்ளிக்கும் தங்கத்துக்கும் குருவி மாதிரி கீச்சிடும். அதிலும் பத்துக்கு ஒன்பது கீச்சு பொய். பாட்டில் மூடி, ஊக்கு, ஆணி, பாட்டில் மூடி. இதுதான் செம்மடுவு ஒவ்வொரு நாளும் அவனுக்குக் கொடுத்தது. கண்ணைத் திறந்தும் பிரயோசனமில்லை என்பதால் அவன் தண்ணிக்குள் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்வான், எல்லாம் விரல்நுனிதான்.

அவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மறுமுனை அவன் பெண்டாட்டி பாவாயி கையில். துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, கஞ்சித் தூக்குப்போசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தண்ணியையே பார்த்துக்கொண்டு இருப்பாள். அவன் ஒரு இழுப்பு இழுத்தால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ரெண்டு இழுப்பு என்றால் தூக்கு. அவள் மேலிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும் வா என்று அர்த்தம். பத்தொன்பது வருஷமாக அந்த ரெண்டு பேரும் பேசிக்கொண்டதில் பாதிக்குமேல் அந்தக் கயிற்றில்தான்.

பத்தொன்பது வருஷம் என்றால், அவர்களுடைய மகள் தாரணி போனதிலிருந்து. அப்போது சென்னியப்பன் செங்கல் சூளையில் வேலையிலிருந்தான். பிள்ளைக்கு நாலு வயசு. ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் கொலுசு வாங்க மூணு பேரும் கோபிக்குப் போனார்கள், ஆசாரி கடையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு தாரணி சிரித்த சிரிப்பில் கடையே சிரித்தது. அளவு எடுக்கும்போதுதான் சென்னியப்பன் அந்த வார்த்தையைச் சொன்னான். "வளர்ற புள்ளைங்க. ரெண்டு விரல் கூடவே இருக்கட்டும்." பாவாயி, "வேண்டாமுங்க, கழண்டுரும், சரியா எடுங்க" என்றாள். "அடுத்த வருசமே பத்தாமப் போயிரும், சும்மா இரு" என்றான் அவன். ஊரில் எந்த அப்பனும் சொல்கிற வார்த்தைதான். சட்டை வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் சொல்கிற வார்த்தைதான்.

பதினெட்டாம் நாள் ஆற்றில் புதுத்தண்ணி. ஒரு கொலுசு படியிலேயே கழண்டு விழுந்தது, பாவாயி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "இன்னொண்ணும் கழட்டிக் குடு கண்ணு" என்றாள். தாரணி மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு இன்னொரு படி இறங்கினாள். "அம்மா, கொலுசு!" என்றாள். குனிந்தாள். அவ்வளவுதான், அந்த இடத்தில் தண்ணிதான் இருந்தது.

பதினோரு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. பதினாறு மைல் கீழே, ஒரு லாரிக்காரன் ஆற்றிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கிப் போர்த்தி எடுத்துப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒரு ஆள் சொன்னான். அவன் எந்நேரமும் குடிக்கிற ஆள். ஆனாலும் சொன்னானே! பாவாயி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. கருமாதி செய்யக் கூடாது என்றாள். ஒரு சொட்டு அழவில்லை. ஒவ்வொரு ஆடிக்கும், "இப்ப அவளுக்கு ஒம்போது," "இப்ப வயசுக்கு வந்திருப்பா," "இப்பக் காலேஜு முடிச்சிருப்பா" என்று எண்ணிக்கொண்டே வந்தாள். சென்னியப்பன் ஒன்றும் சொல்லமாட்டான். ரெண்டு விரல் கூட என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது? சூளை வேலையை விட்டுவிட்டு முங்க ஆரம்பித்தான். அந்த இன்னொரு கொலுசையாவது எடுத்து அவள் கையில் கொடுக்கணும், அவ்வளவுதான். ஊரார் மோதிரமெல்லாம் வழியில் கிடைத்தவை.

இப்படி இருக்கும்போதுதான் பொருள்கள் வளர ஆரம்பித்தது. அர்த்தநாரியின் அரைஞாணுக்கு அப்புறம் டீச்சரம்மாவின் வளையல் வந்தது. கல்யாணமான புதுசில் பிதுங்கப் பிதுங்கப் போட்டிருந்தாராம், முப்பது வருஷம் கழித்து, இப்போதைய கைக்கும் பிதுங்கிக்கொண்டுதான் ஏறியது. இறுக்கமாய்ப் போனது இறுக்கமாகவே வளரும், தளர்வாய்ப் போனது தளர்வாகவே வளரும் என்று ஊருக்குப் புரிந்தது. புரிந்ததும் ஊர் சும்மா இருக்குமா? தாய்மார்களெல்லாம் பிள்ளைகளின் மோதிரத்தையும் தண்டையையும் நைலான் நூலில் கட்டிச் சேற்றில் இறக்கி, மறுமுனையைக் கரையில் குச்சியடித்துக் கட்டி, குச்சியில் பேரும் எழுதி வைத்தார்கள். இனிமேல் வருஷா வருஷம் மாற்றிச் செய்ய வேண்டியதில்லை பாருங்கள். துறை பூராவும் ஆடு கட்டின மாதிரி நூலாய்க் கிடந்தது. ஆசாரிமார் வயிறெரிந்தார்கள். ஆனால் ஆறு மாசமாகியும் நூல் கட்டினது ஒன்றுகூட அரிசியளவு வளரவில்லை. தொலைந்தால்தான் வளரும், வைத்தால் வளராது. பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டுக் குச்சியையெல்லாம் பிடுங்கினார்கள், தாய்மார்கள் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு மறந்துபோனார்கள்.

மறக்க முடியாதது ரெட்டையர் மோதிரம். பெரியதம்பி, சின்னத்தம்பி என்று ரெட்டைப் பிள்ளைகள், எட்டு வயசில் ஒரே நாளில், ஒரே அச்சில் செய்த ரெண்டு மோதிரத்தையும் இந்தத் துறையில் தொலைத்தவர்கள். சின்னத்தம்பி பன்னிரண்டு வயசில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். பெரியதம்பிக்கு இப்போது நாற்பது. மாசி மாசத்தில் சென்னியப்பன் ஒரே கைப்பிடிச் சேற்றிலிருந்து ரெண்டு மோதிரத்தையும் எடுத்தான். ஒன்று பெரியதம்பி விரலுக்குச் சரியாக இருந்தது. இன்னொன்று அவருடைய பன்னிரண்டு வயசு மகன் விரலுக்குச் சரியாக இருந்தது. பெரியதம்பி அந்தச் சின்ன மோதிரத்தை வாயில் வைத்துக்கொண்டு மதகடியில் உட்கார்ந்து அழுதார், ஊரே சுற்றி நின்றது. ஆள் இருந்தால் வளரும். ஆள் போனால் அன்றோடு நின்றுவிடும்.

அதற்கப்புறம் செம்மடுவுக்கு வருகிற கூட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. காணாமல் போனவர்களின் வீட்டார் வந்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போன மகனுக்காகக் கண்டியம்மாள் வந்தாள். அவன் பத்தாவது படிக்கும்போது இங்கே தொலைத்த வெள்ளிக் காப்பு கிடைத்தபோது அது மூன்று சுற்றுப் பெருத்திருந்தது. "நாசமாப் போறவன், எங்கியோ நல்லாத் தின்னு கொழுத்துட்டுத்தான் இருக்கறான், பெத்தவளுக்கு ஒரு போன் பண்ண முடியல பாருங்" என்று திட்டித் திட்டி அழுதுவிட்டு, அன்று சாயங்காலமே ஒரு அண்டா பாயசம் காய்ச்சித் துறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஊற்றினாள். அர்த்தநாரிதான் இதற்கெல்லாம் முன்னால் நிற்கிற ஆள். ஜோடியில் ஒன்று கிடைத்தால் வீட்டிலிருக்கும் இன்னொன்றைக் கொண்டுவரச் சொல்லி, வாழையிலையில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாரும் பார்க்க அளவு காட்டுவது அவர் ஏற்படுத்தின வழக்கம். வளர்ந்திருந்தால் பெண்கள் குலவை போடுவார்கள். வளராவிட்டால் இலையை மடித்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். அதற்கு ஜோடி வைப்பது என்று பேர். மூணே மாசத்தில் அது பாட்டன் காலத்து முறை போல ஆகிவிட்டது.

எல்லாரும் பாவாயியைத்தான் பார்த்தார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அந்த இன்னொரு கொலுசு சேற்றுக்குள் எங்கேயோ கிடக்கிறது, எந்த அளவில் கிடக்கிறது என்பதுதான் விஷயம். முன்னெல்லாம் அது ஒரு கொலுசு. இப்போது அது பதில். பாவாயி தினமும் விடிந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள், நடையில் ஒரு வேகம் வந்திருந்தது. "இன்னைக்கு ஏழாவது படிக்குக் கீழ பாருங்க." "இன்னைக்கு மதகுப் பக்கம் பாருங்க." சென்னியப்பன் பார்த்தான். பாட்டில் மூடி, ஊக்கு, ஆணி, பாட்டில் மூடி.

சித்திரையில் ஷட்டர் அடைத்துத் தண்ணி மட்டம் இறங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நாலாவது படிக்கு எட்டடி தள்ளி டிடெக்டர் கீச்சிட்டது. சென்னியப்பன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முழங்கைவரை சேற்றில் விட்டான். விரலில் சங்கிலி தட்டுப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டே கண்ணி கண்ணியாய்த் தடவினான். மாங்காய், முத்து, மாங்காய், முத்து, நடுவில் ஒரு முத்து இல்லாத இடம், கடையிலேயே உதிர்ந்துபோய் ஆசாரி அடுத்த தடவை வைத்துத் தருகிறேன் என்று சொன்ன இடம். அதற்கப்புறம் வளையமாய்ப் பிடித்து மூணு விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். மூணு விரல் போயிற்று. நாலாவது விரல் தட்டியது. திரும்பவும் விட்டான். நாலாவது விரல் தட்டியது. கோபி கடையில் அவனே விரலை விட்டுப் பார்த்துப் போதும் என்று சொன்ன அதே அளவு, ஒரு நூல்கூடக் கூடவில்லை.

அந்தச் சேற்றுக்குள் எவ்வளவு நேரம் இருந்தான் என்று அவனுக்குத் தெரியாது. நெஞ்சு வெடிக்க வந்தது. கயிற்றை ஒரு இழுப்பு இழுக்கணும். கை கயிற்றில்தான் இருந்தது. மேலே அவள் துவைக்கிற கல்லில், கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, அந்த ஒரு இழுப்புக்காகப் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அவனால் முடியவில்லை. கொலுசை வாய்க்குள் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ரெண்டு இழுப்பு இழுத்தான்.

"கிடைச்சுதுங்களா?" என்றாள்.

இல்லை என்று சென்னியப்பன் தலையை ஆட்டினான். வாயைத் திறக்க முடியாதல்லவா?

"செரி, விடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கஞ்சியை நீட்டினாள். பல்வலி என்று கன்னத்தைக் காட்டிச் சைகை செய்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். சாயங்காலம் மாட்டுச்சாளைக்குப் பின்னால் உட்கார்ந்து திருநீற்றைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தான். பத்தொன்பது வருஷத்துக் கறுப்பெல்லாம் போய் அது வெள்ளையாகும்வரை தேய்த்தான், எதற்குத் தேய்க்கிறோம் என்றே தெரியாமல். அப்புறம் டிடெக்டரின் பழைய பேட்டரி டப்பாவுக்குள் போட்டு மூடி, கண்ணில் படாமல் மேலே ஓட்டுச் சந்தில் செருகினான்.

மறுநாள் காலையில் பாவாயி கயிற்றை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். என்ன செய்வான்? போகமாட்டேன் என்றால் ஏன் என்பாள். அவனும் போனான், இறங்கினான், முங்கினான். கிடைத்துவிட்ட பொருளைத் தேடுவது எப்பேர்ப்பட்ட பாடு என்று தேடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். தேடாமலும் இருக்க முடியாது, சேறு கலங்கி மேலே வரவில்லையென்றால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் நிஜமாகவே தேடினான், படி படியாய், அடி அடியாய், சித்திரை போய் வைகாசி, வைகாசி போய் ஆனி, பாட்டில் மூடி, ஊக்கு, ஆணி, பாட்டில் மூடி. ஊரார் பொருள்கள் வளர்ந்து வளர்ந்து வந்தன, குலவை கேட்டுக்கொண்டே இருந்தது. காதில் சீழ் வைத்தது. சத்தியமங்கலத்து டாக்டர் இனித் தண்ணிக்குள் தலையை விட்டால் காது போய்விடும், நெஞ்சும் சரியில்லை என்றார். "கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கலாமுங்க" என்றாள் பாவாயி. நிறுத்தினால் அவள் மட்டும் தனியாகப் போய்க் கல்லில் உட்காருவாள் என்று அவனுக்குத் தெரியும். "கிடைக்காம நிறுத்தறதா? போ புள்ளே" என்றான். அவள் அவன் காதில் பஞ்சை வைத்துவிட்டு, வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள்.

ஆனி கடைசியில் ஒரு நாள், அக்கா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று பாவாயி கிளம்பிப் போனாள், பொழுதோடு திரும்பி வந்தாள். அவள் நடந்து வருகிற சத்தம் கேட்கவில்லையே என்று பார்த்தால் காலில் கொலுசு இல்லை. "கால் வீங்குதுங்க, கழட்டி வெச்சுட்டேன்" என்றாள். அந்த வயசுக்கு வீங்கும்தான். சென்னியப்பன் அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை. எருமை படுக்கிற குட்டையோரம் அவள் அடிக்கடி போய் நிற்பதையும் பார்த்தான், சாணி பொறுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அசதி மனுஷனின் கண்ணைத்தான் முதலில் கட்டும்.

ஆடிப் பதினெட்டன்று அவர்கள் துறைக்குப் போவதில்லை. "இப்ப அவளுக்கு இருவத்தி மூணு" என்றாள் பாவாயி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. ஆவணி முதல் ஞாயிறு, துறையில் நல்ல கூட்டம். அவன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவள் கல்லில் உட்கார்ந்துவிட்டிருந்தாள், சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. "இன்னைக்கு ரெண்டாவது படிக்கிட்டயே பாருங்க" என்றாள். ரெண்டாவது படியை அவன் நூறு தடவை பார்த்தாயிற்று. சொன்னாளே என்று இறங்கினான்.

இறங்கினதும் கீச்சென்றது. சேற்றைத் தோண்டவே வேண்டியிருக்கவில்லை, மேலாகவே கிடந்தது. கொலுசு. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு தடவினான். மாங்காய், முத்து, மாங்காய், முத்து, ஒரு முத்து இல்லாத இடம். எல்லாம் அப்படியே. ஆனால் பெரிசு. பொம்பளை ஆளின் காலுக்கான பெரிசு.

நிஜமானது ஓட்டுச் சந்தில் பேட்டரி டப்பாவுக்குள் இருக்கிறது. அப்படியானால் இது? அந்த முத்து இல்லாத இடம்வரைக்கும் தெரிந்த ஆள் உலகத்தில் இன்னும் ஒருத்திதான். வீட்டிலிருந்த கொலுசை மாதிரிக்குக் கொடுத்து, வெள்ளி பத்தாமல் அதையும் உருக்கிப் போட்டு, அதுவும் பத்தாமல் தன் காலிலிருந்ததையும் கழற்றிப் போட்டு, செய்து வாங்கி, எருமைக் குட்டையில் ஒன்றரை மாசம் புதைத்துக் கறுக்க வைத்து, காலையில் முழங்கால் தண்ணியில் இறங்கிப் போட்டிருக்கிறாள். மகளைக் கண்டுபிடிப்பதற்கல்ல. அவன் மேலே வருவதற்கு. தண்ணிக்குள் ஒருத்தன் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது? சென்னியப்பன் அழுதுகொண்டே அவள் கால் எந்த அளவு என்று நினைத்துப் பார்த்தான், வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அவள் காலளவுக்கு மேலே ரெண்டு விரல் கூட இருந்தது.

கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தான்.

கரையில் பாவாயி கத்தின கத்தலில் மீன் கடைக்காரர்கள் வாணலியை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவன் கொலுசைத் தூக்கிப் பிடித்தபடி மேலே வந்தான். "பெருசு! பெருசுடா! புள்ள இருக்கறாடா!" என்று அர்த்தநாரி தொப்பை குலுங்கக் குதித்தார். கண்டியம்மாள் பாவாயியைக் கட்டிக்கொண்டாள். பாவாயி சிரித்தாள், நன்றாகத்தான் சிரித்தாள், "இனி முங்க வேண்டாமுங்க, கிடைச்சுருச்சு, இனி முங்க வேண்டாம்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"எலை எங்கப்பா? எலை கொண்டாங்க!" என்றார் அர்த்தநாரி. "அம்மிணி, ஓடிப்போயி ஊட்டுல இருக்கற ஜோடிய எடுத்தாங்க. ஜோடி வெக்கோணுமில்ல?"

பாவாயியின் சிரிப்பு அப்படியே நின்றது. ஜோடி வைக்கிற வழக்கத்தை அவள் எப்படித்தான் மறந்தாளோ, பாவம். எத்தனை பேருக்கு முன்னால் நின்று குலவை போட்டவள்! "அது… எங்கியோ வெச்சனுங்… தேடோணும்" என்றாள். "தேடுங்க அம்மிணி, நாங்க எங்க போறோம், இங்கதான் இருக்கறோம்" என்றார்கள். அவள் நனைந்த சேலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நீ இரு. வெச்ச எடம் எனக்குத் தெரியும்" என்றான் சென்னியப்பன்.

வீடு துறைக்கு மேலேயே நாலு எட்டில். இடுப்புக் கயிறு தரையில் இழுபட, சொட்டச் சொட்ட உள்ளே போனான். டிரங்குப் பெட்டியைத் திறந்தான். வீட்டுக் கொலுசைச் சுற்றி வைத்திருந்த மஞ்சள் துணி நாலாய் மடித்தபடி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. ஓட்டுச் சந்தில் கைவிட்டுப் பேட்டரி டப்பாவை எடுத்தான். கொலுசை அந்த மஞ்சள் துணியில் வைத்துச் சுற்றினான். சித்திரையில் எதற்குத் தேய்த்தோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

இலையில் பெரியது கறுப்பாய்க் கிடந்தது. அவன் துணியைப் பிரித்துச் சின்னதைப் பக்கத்தில் வைத்தான், வெள்ளை வெளேர் என்று. மாங்காய்க்கு மாங்காய், முத்துக்கு முத்து, அதே மாதிரி, ஒன்று நாலு வயசு, ஒன்று இருபத்து மூணு. குலவை மதகுவரைக்கும் கேட்டது.

பாவாயி சின்னதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்ததை ஆசாரி உலையில் போட்டபோது பக்கத்திலேயே நின்றவள் அவள். அது உருகிச் சொட்டானதைத் தன் கண்ணால் பார்த்தவள். அப்படியானால் இலையில் இருப்பது எது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையை நீட்டி எடுத்தாள். மூணு விரலை உள்ளே விட்டாள். நாலாவது விரல் தட்டியது. தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள், அவனும் பார்த்தான், அப்புறம் அவள் அழுதாள். பத்தொன்பது வருஷமாக அழாமல் வைத்திருந்ததையெல்லாம், வாயில் மாரில் அடித்துக்கொண்டு, "என்ற கண்ணே, என்ற தங்கமே" என்று மண்ணில் விழுந்து அழுதாள். "சந்தோசம் தாங்கலீங், அழட்டும், உட்டுருங்க" என்று கண்டியம்மாள் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். அன்றைக்கும் பாயசம் காய்ச்சினார்கள். கடைசி வேன் போகிறவரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

வெயில் தாழ்ந்து கூட்டம் கலைந்தபோது ரெண்டு பேரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு கொலுசும் அவள் மடியில் இருந்தன. அவன் இடுப்பில் கயிறு இன்னும் கட்டியபடியே இருந்தது. பாவாயி அதை அவிழ்க்க ஆரம்பித்தாள். நனைந்து நனைந்து இறுகிப்போன முடிச்சு, நகத்துக்கு வரவில்லை.

"எப்பக் கிடைச்சுதுங்க?"

"சித்திரையில."

"அப்பறம் எதுக்குங்க இத்தன நாளா முங்குனீங்க?"

"நீ கயித்தப் புடிச்சுட்டு உக்காந்திருந்தயே."

அவள் குனிந்து பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தாள்.

"அதென்ன புள்ளே, பெருசுலயும் ரெண்டு விரல் கூட வெக்கச் சொல்லியிருக்கற?" என்றான் சென்னியப்பன்.

"வளர்ற புள்ளைங்களே" என்றாள் பாவாயி.

முடிச்சு அவிழ்ந்தது. அவள் கயிற்றைச் சுருட்டிக் கல்லின்மேல் வைத்தாள், ரெண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள்.